"எங்க போணும் மக்களே?" – முன்பின் தெரியாதவரிடம் காட்டும் இரக்கம்

நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டில் ஒரு பிற்பகல். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும், தரையெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. தூணோரமாக ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். வயது இருபத்தைந்தைத் தாண்டாது. தோளில் ஏழெட்டு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் பெரிய எக்ஸ்ரே கவர், இன்னொரு கையில் பிதுங்கி வழிகிற துணிப்பை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. பஸ் ஒன்று வந்து நின்று போனது. அவள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கும் ஏறவில்லை. போர்டைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

கையில் காசு இல்லை போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து மடித்து உள்ளங்கையில் வைத்தேன். கொடுக்கப்போனால் தப்பாக நினைப்பாளோ என்ற யோசனையிலேயே இன்னும் ஐந்து நிமிடம் போய்விட்டது.

பக்கத்தில் பிச்சிப்பூ கட்டி விற்றுக்கொண்டிருந்த அம்மாவுக்கு எழுபது வயதாவது இருக்கும். நாரைப் பல்லில் கடித்தபடியே கேட்டார்.

"எங்க போணும் மக்களே?"

"பஸ்ஸு கெடக்கட்டும் பாட்டி." அந்தப் பெண்ணின் குரல் உடைந்துவிட்டது. "ரொம்ப நேரமா பாத்ரூம் போணும். பிள்ளைய எங்க வைக்கன்னு தெரியல்ல."

"இதுக்கா இவ்வளவு நேரம் நின்ன? இஞ்ச தா பிள்ளைய." பூக்கட்டும் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, "தம்பி, கூடைய ஒண்ணு பாத்துக்கிடுங்க" என்றார். அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கழிப்பறை வாசல்வரை போனார். நான் பூக்கூடைக்குக் காவல் நின்றேன். ஐம்பது ரூபாய் நோட்டு என் உள்ளங்கையிலேயே வியர்த்துப்போயிருந்தது.

முன்பின் தெரியாதவரிடம் இரக்கம் காட்டுவது என்றால் என்ன என்று கேட்டால், அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் சொல்வேன். எனக்கும் இரக்கம் வராமல் இல்லை. ஆனால் அவளுக்கு என்ன தேவை என்று நான் கேட்கவில்லை, அந்த அம்மா கேட்டார். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

அன்பு வேறு, அருள் வேறு

தமிழில் இதற்குப் பழைய வகுப்பு ஒன்று உண்டு. பெற்ற பிள்ளை, கூடப்பிறந்தவர், நண்பர் ஆகியோர்மேல் வருவது அன்பு. எந்தத் தொடர்பும் இல்லாத உயிர்மேல் வருவது அருள். திருக்குறளில் அருளுடைமை அதிகாரத்தைத் தொடங்கும்போது பரிமேலழகர் இதைத்தான் சொல்கிறார்: தொடர்பு பற்றாமல், இயல்பாக, எல்லா உயிர்கள்மேலும் செல்லும் கருணை. 'தொடர்பு பற்றாமல்' என்ற இரண்டு சொல்லில் நம் விஷயம் முழுவதும் அடங்கிவிடுகிறது. வள்ளுவர் 757ஆம் குறளில் அருளை அன்பு பெற்ற குழந்தை என்கிறார். வீட்டுக்குள் பழகிய அன்பு வளர்ந்து தெருவுக்கு வந்தால் அதற்குப் பெயர் அருள் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அந்தக் குழந்தையை வளர்க்கும் செவிலித்தாய் பொருள் என்றும் அதே குறள் சொல்கிறது. நல்ல மனம் மட்டும் போதாது, கையில் ஏதாவது இருக்கவும் வேண்டும். சில நேரம் அந்த 'ஏதாவது' பணம். பல நேரம் பத்து நிமிடம்.

கன்னியாகுமரிக் கடலில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே இப்போது கண்ணாடிப் பாலம் இருக்கிறது. 2024 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள். காலுக்குக் கீழே அலை தெரிந்ததும் சிலருக்குக் கால் நகராது. அப்படி நின்ற ஒரு வடநாட்டுப் பெரியவரின் கையை, பின்னால் வந்த நம்மூர் கல்லூரிப் பையன் ஒருவன் பிடித்துக்கொண்டான். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லை. மறுகரை வந்ததும் கையை விட்டுவிட்டுத் தன் கூட்டாளிகளோடு போய்விட்டான். சிலை அருகில் நின்று அருளுடைமையை விளக்க வேண்டும் என்றால் இதைக் காட்டினால் போதும்.

'அய்யோ பாவம்' என்கிற சொல் நம் பக்கம் நாக்கு நுனியிலேயே இருக்கிறது. விபத்தைப் பார்த்தால் பாவம், பிச்சை எடுப்பவரைப் பார்த்தால் பாவம், தேர்வில் தோற்ற பிள்ளையைப் பார்த்தாலும் பாவம். அந்தச் சொல்லில் தப்பில்லை. ஆனால் அதைச் சொன்னதுமே ஏதோ செய்து முடித்ததுபோல ஒரு நிம்மதி வந்துவிடுகிறது பாருங்கள், அங்கேதான் சறுக்குகிறோம். பாவம் பார்க்கிறவர் மேலே நிற்கிறார், பார்க்கப்படுகிறவர் கீழே இருக்கிறார். அந்தப் பூக்கார அம்மா குழந்தையை வாங்கும்போது அந்தப் பெண்ணைப் பாவம் பார்க்கவில்லை. தன் பேத்தியைக் கடிந்துகொள்வதுபோல 'இதுக்கா இவ்வளவு நேரம் நின்ன' என்று கடிந்துகொண்டார். அந்தக் கடிதலில் ஒரு சமத்துவம் இருந்தது.

நம் மாவட்டத்தில் முகம் தெரியாத யாரையும் 'மக்களே' என்று கூப்பிடுகிறோம். மீன்காரப் பெண், வாழைக்குலை ஏலம் போடுகிறவர், சாயாக்கடைக்காரர் என்று எல்லார் வாயிலும் அது வருகிறது. வெளியூர்க்காரர்களுக்கு முதலில் அது விசித்திரமாக இருக்கும், பிறகு பிடித்துப்போகும். பெற்ற பிள்ளையைக் கூப்பிடும் சொல்லால் வழிப்போக்கனைக் கூப்பிடுவது சின்ன விஷயம் இல்லை. பழக்கத்தில் தேய்ந்துபோன சொல்தான், இருந்தாலும் தேவைப்படும்போது அது விழித்துக்கொள்கிறது.

கல்லில் செய்து வைத்த இரக்கம்

சின்ன வயதில் எங்கள் ஊருக்குப் போகும் வழியில் ஒரு சுமைதாங்கி இருந்தது. நட்டுவைத்த இரண்டு கல்தூண், மேலே படுக்கப்போட்ட ஒரு கல். நாங்கள் அதில் ஏறி உட்கார்ந்து விளையாடுவோம். அது எதற்கு என்று பாட்டாதான் சொல்லித்தந்தார்.

தலைச்சுமையோடு நடக்கிறவருக்கு நடையைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. சுமையைத் தனியாக இறக்கவும் முடியாது, தனியாக ஏற்றவும் முடியாது. இறக்க ஒரு கை வேண்டும், மறுபடி தலையில் தூக்கிவைக்க ஒரு கை வேண்டும். அரிசி மூட்டையோ மரச்சீனிக் கிழங்குக் கட்டோ சுமந்துகொண்டு சந்தைக்குப் போகும் மனிதர், வழியில் ஆள் இல்லாவிட்டால், கழுத்து ஒடிந்தாலும் நிற்க முடியாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். சுமைதாங்கிக் கல்லின் உயரத்தைக் கவனித்தால் அதன் சூட்சுமம் தெரியும். குனியாமல், நின்ற நிலையிலேயே தலைச்சுமையை அதன்மேல் தள்ளி வைக்கலாம். மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தலையைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். வராத அந்த இன்னொரு மனிதருக்குப் பதிலாக அந்தக் கல் நிற்கிறது.

கர்ப்பமாக இருக்கும்போது இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழ்நாட்டில் பல இடங்களிலும் இருந்த வழக்கம். சுமையை இறக்கிவைக்க முடியாமலே போனவளுக்காக, மற்றவர்கள் இறக்கிவைக்க ஓர் இடம். இதைப் பாட்டா சொன்ன அன்றுமுதல் அந்தக் கல்லின்மேல் ஏறி விளையாட எனக்கு மனம் வரவில்லை.

நட்டவர் யாருக்காக நட்டார் என்று யோசித்துப்பாருங்கள். அதில் சுமை இறக்கப்போகும் ஒருவர் முகமும் அவருக்குத் தெரியாது. நன்றி சொல்ல யாரும் வீடு தேடி வரப்போவதில்லை. பழைய திருவிதாங்கூர்ச் சாலைகளில் வழிப்போக்கர் தங்க இருந்த வழியம்பலங்களும், வெயில்காலத்தில் சம்பாரம் என்கிற மோர் ஊற்றிக்கொடுத்த தண்ணீர்ப்பந்தல்களும், மாடு குடிக்கப் போட்டிருந்த கல்தொட்டிகளும் இதே வகைதான். அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழி மக்களின் வழிபாட்டிடத்துக்கு நிழல்தாங்கல் என்று பெயர். 'தாங்கு' என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று எனக்கு அடிக்கடித் தோன்றும்.

ஆனால் ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்லாமல் விட்டால் இது வெறும் பழம்பெருமை ஆகிவிடும். அந்தக் காலத்துப் பொதுவழி எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. இந்த மண்ணிலேயே சில சாதியார் வழியில் இத்தனை அடி விலகி நடக்க வேண்டும், பொதுக்கிணற்றைத் தொடக் கூடாது என்ற கொடுமை இருந்தது. 1809 முதல் 1851 வரை வாழ்ந்த அய்யா வைகுண்டர் சாமிதோப்பில் முத்திரிக் கிணற்றை ஏற்படுத்தி, எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தச் செய்தார். தாகத்தோடு வருகிறவனுக்குக் கையில் தண்ணீர் ஊற்றிவிட்டு அவனைத் தள்ளி நிறுத்துவதும் ஒருவகை இரக்கம்தான், அதில் அவமானமும் சேர்ந்தே ஊறியிருக்கும். அவனே வாளியை இறக்கி மொண்டு குடிக்கட்டும் என்று கிணற்றைத் திறந்துவிட்டது அதைவிட மேலானது. தெரியாதவருக்கு உதவும்போது இந்த வித்தியாசம் மனதில் இருக்க வேண்டும்.

நெய்யூரில் ஒரு கதை இன்றும் சொல்வார்கள். 1922இல் எவரெஸ்ட் சிகரம் ஏற வந்த குழுவில் ஒருவராக இருந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், மலையிலிருந்து திரும்பியபின் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காத்துக்கிடந்த நோயாளிக் கூட்டத்தையும், அத்தனை பேருக்கும் ஈடுகொடுக்க முடியாமல் இருந்த மருத்துவரையும் பார்த்தார். லண்டனில் தனக்குக் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். இருபது ஆண்டுக்கு மேல் இந்த ஊர் மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். எல்லாராலும் அப்படி முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. சுற்றுலா வந்த மனிதர் கொஞ்சம் நின்று பார்த்தார் என்பதுதான் அந்தக் கதையில் என்னைத் தொடுகிற இடம்.

வெள்ளம் வந்தால் வருகிறது, மற்ற நாளில் ஏன் வரவில்லை?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கடற்கரை ஊர்களைச் சுனாமி அடித்துப்போட்டது. மணக்குடிப் பாலம் பெயர்ந்து போனது. அன்று மதியத்துக்குள் உள்நாட்டு ஊர்களில் கல்யாண மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் திறந்துவிட்டன, கோயிலா சர்ச்சா பள்ளிவாசலா என்று யாரும் பார்க்கவில்லை. அண்டாவில் சோறு வெந்தது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு பல நாள் கரண்டு இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் தெருக்காரர்கள் எல்லாரும் செல்போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்கள், பேர் தெரியாதவர்களும் அதில் உண்டு.

அதே ஜனங்கள்தான் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் பஸ் ஸ்டாண்டில் மயங்கி உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி நடந்து போகிறார்கள். மனம் கல்லாகிவிட்டது என்று புலம்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனம் அதேதான். சுனாமி அன்று இரண்டு விஷயம் மாறியிருந்தது. அன்று யாருக்கும் அவசரமாகப் போக வேறு இடம் இல்லை. இது ஆபத்தா இல்லையா என்ற சந்தேகமும் யாருக்கும் இல்லை.

அவசரம் என்ன செய்யும் என்பதை அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் டார்லி, பேட்சன் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வு 1973இல் வெளிவந்தது. கிறிஸ்தவப் பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேசப் போகச் சொன்னார்கள். வழியில் ஒருவர் தலையைத் தொங்கப்போட்டு இருமிக்கொண்டு கிடந்தார், அது ஆய்வாளர்கள் ஏற்பாடு. 'நேரம் இருக்கிறது, மெதுவாகப் போங்கள்' என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் உதவினார்கள். 'ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள்' என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம். பாதிப் பேர் பேசப் போன தலைப்பு என்ன தெரியுமா? நல்ல சமாரியன் கதை. நம் மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் எல்லாருக்கும் மனப்பாடமான கதை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனை அந்நியன் ஒருவன் தூக்கிக் காப்பாற்றியது. அதைப் பிரசங்கிக்கப் போனதும்கூடப் பெரிய வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை.

இதைப் படித்த நாளிலிருந்து நான் செய்த ஒரே மாற்றம், வீட்டிலிருந்து பத்து நிமிடம் முன்னால் கிளம்புவது. இரக்கத்தை வளர்த்துக்கொள்ள என்ன செய்யலாம் என்று கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்தது கூட்டம். 1968இல் அதே டார்லி, லத்தானே என்பவரோடு சேர்ந்து இன்னொரு சோதனை செய்தார். தனித்தனி அறையில் உட்கார்ந்து இன்டர்காம் வழியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு வலிப்பு வருவதுபோலக் குரல் கேட்கும். தான் ஒருவர்தான் அதைக் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அவர் பேசி முடிப்பதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அது 31 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 'வேறு யாராவது பார்ப்பார்கள்' என்று ஒவ்வொருவரும் நினைக்க, கடைசியில் யாருமே பார்ப்பதில்லை. ஊர்ப்பொதுக் குளத்தில் பாசி ஏறுவதும் இப்படித்தானே.

ஆனால் இதோடு நிறுத்தினால் மனிதர்மேல் வீண்பழி போட்டது ஆகிவிடும். ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் ஆகிய நகரங்களின் பொது இடங்களில் நடந்த 219 சண்டை சச்சரவுகளின் கண்காணிப்புக் கேமரா காட்சிகளை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. பத்தில் ஒன்பது சம்பவங்களில் யாராவது ஒருவராவது உள்ளே இறங்கி உதவியிருந்தார்கள். ஆள் அதிகம் இருந்தால் அந்த ஒருவர் கிடைக்கும் வாய்ப்பும் அதிகமாகவே இருந்தது. ஆக, ஒவ்வொருவராகப் பார்த்தால் தயக்கம், மொத்தமாகப் பார்த்தால் யாரோ ஒருவர் அசைகிறார். ஒருவர் அசைந்துவிட்டால் மற்றவர்களும் அசைகிறார்கள்.

இதில் கைக்குதவும் பாடம் ஒன்று இருக்கிறது. கூட்டத்தைப் பார்த்து 'யாராவது உதவுங்க' என்று கத்தினால் யாரும் 'யாராவது' இல்லை. விரலை நீட்டி ஒருவரைச் சொல்லுங்கள். "நீலச் சட்டை அண்ணாச்சி, 108க்குக் கூப்பிடுங்க. அக்கா, அந்தக் குடைய இங்க பிடிங்க. தம்பி, நீ ரோட்டுல நின்னு வண்டிய நிறுத்து." பெயர் தெரியாவிட்டாலும் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டால் நம் ஆட்கள் ஓடி வருவார்கள். அண்ணாச்சி என்று கூப்பிட்ட பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

போலீஸ், கேஸ் என்ற பயம்

"தூக்கிட்டுப் போனா நம்ம தலையில வந்து விழும்." நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரைக்கும் அந்தச் சாலையில் அடிபட்டவர்களைச் சுற்றி இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இன்றைய சட்டம் வேறு. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் உதவுபவரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்டத்தின் வலுவைக் கொடுத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு, எதையும் எதிர்பார்க்காமல் விபத்தில் சிக்கியவருக்கு உதவுகிறவர்மேல், அதன்பின் அவருக்கு என்ன நேர்ந்தாலும், வழக்குப் போட முடியாது. 2020 விதிகளின்படி பெயர், முகவரி, செல்போன் எண் எதையும் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. விருப்பப்பட்டால் சாட்சி சொல்லலாம், அதுவும் உங்கள் விருப்பம்தான்.

பணம் யார் கட்டுவது என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர உயிர்காக்கும் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால் போதும், அடிபட்டவர் எந்த மாநிலம், எந்த நாடு என்று பார்ப்பதில்லை. கேரள எல்லையை ஒட்டி வாழும் நமக்கு இது ரொம்ப முக்கியம். தொடர்பு பற்றாத கருணையை ஓர் அரசாணையாக எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைக் காட்டலாம்.

பயத்துக்கு அடுத்தபடியாகக் கையைக் கட்டிப்போடுவது, என்ன செய்வது என்று தெரியாமை. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவரைச் சுற்றிக் கல், கம்பி இருந்தால் அகற்றுங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். இழுத்துப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. விபத்தில் ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். நினைவில்லாதவருக்குத் தண்ணீர் புகட்ட வேண்டாம், கழுத்து முதுகில் அடிபட்டது போலத் தெரிந்தால் வண்டியில் அள்ளிப் போடாமல் ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். செல்போனில் வீடியோ எடுப்பவரிடம், "மக்களே, அத வச்சிட்டு அந்தத் துணிய எடு" என்று ஒரு வேலையைக் கொடுங்கள். அவர் கைக்கும் அது நல்லது.

மொழி தெரியாதவர்

கன்னியாகுமரி ரயில் நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அசாமின் திப்ருகரிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி வரும் விவேக் எக்ஸ்பிரஸ் வந்து நிற்பதும் இங்கேதான். வேலை தேடி வருகிறவர்களும் வருகிறார்கள், மனநிலை பிசகி ஏதோ ஒரு ரயிலில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கிவிட்டவர்களும் வருகிறார்கள்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சாயாக்கடையில், கட்டட வேலைக்கு வந்த வடகிழக்குப் பையன் ஒருவன் காய்ச்சலில் பெஞ்சில் சுருண்டு கிடந்தான். கடைக்காரர் சூடாகக் கஞ்சிவெள்ளம் கொண்டுவந்து வைத்தார். பையன் சைகையில் வேண்டாம் என்று பையைத் தட்டிக் காட்டினான், காசு இல்லை என்று அர்த்தம். கடைக்காரர் தன் மார்பைத் தட்டிக் காட்டிவிட்டு, பையனின் செல்போனைக் கேட்டு வாங்கி, கடைசியாகப் பேசிய எண்ணுக்கு அடித்தார். மேஸ்திரி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, போயிருந்தால் கடை கிடந்துபோயிருக்கும். தன்னால் முடிந்த ஒரு துண்டைச் செய்துவிட்டு அடுத்தவர் கையில் ஒப்படைத்தார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். முழுச் சுமையையும் நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. தெருவில் அலையும் மனநோயாளியைக் கண்டால் போலீசுக்குச் சொல்லலாம். அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்துச் சிகிச்சைக்கு அனுப்புவது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவர்கள் கடமை. தனியாக நிற்கும் குழந்தைக்கு 1098, கைவிடப்பட்ட முதியவருக்கு 14567.

ஏமாந்துபோனால்?

'பர்ஸ் தொலைஞ்சுபோச்சு, ஊருக்குப் போக இருநூறு ரூபாய்' என்று வடசேரியில் நிற்கிறவர் அடுத்த வாரமும் அதே பர்ஸைத் தொலைத்திருப்பார். 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்று அதற்காகத்தான் சொல்லிவைத்தார்கள். ஆனால் அந்தப் பழமொழியைச் சொல்லி எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்துவிடக் கூடாது. நான் பணமாகக் கொடுப்பதில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்பேன், டிக்கெட்டாக எடுத்துத் தருகிறேன் என்பேன். உண்மையிலேயே தேவைப்படுகிறவர் கூட வருவார். அப்படியும் இரண்டொரு முறை ஏமாந்திருக்கிறேன். போனது சில நூறு ரூபாய். அதற்குப் பயந்து நிஜமான ஒருவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் அது எவ்வளவு என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், இரவில், அதுவும் பெண்கள் தனியாக இருக்கும்போது, வண்டியை நிறுத்தி இறங்கித்தான் உதவ வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் தள்ளிப்போய், வெளிச்சமான இடத்தில் நின்று 108க்கோ போலீசுக்கோ இடத்தைச் சரியாகச் சொல்வதும் முழுமையான உதவிதான். மனம் 'இது சரியில்லை' என்று சொன்னால் அதைக் கேளுங்கள்.

வாங்கவும் தெரிய வேண்டும்

போன ஐப்பசி மழையில் தக்கலை தாண்டி ஒரு வளைவில் பைக் சறுக்கி விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு, காலில் நல்ல வலி. எதிரே பஸ்ஸுக்கு நின்ற ஒரு கல்லூரி மாணவி குடையோடு ஓடி வந்து என் தலைக்குமேல் பிடித்தாள். "அங்கிள், எங்க வலிக்கு?" என்றாள். "ஒண்ணும் இல்லம்மா, நீ போ, உன் பஸ்ஸு வருது பாரு" என்றேன். உண்மையில் கால் ஊன்ற முடியவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையிடம் ஒத்துக்கொள்ள எனக்கு என்னவோபோல் இருந்தது. எத்தனை பேரிடம் நான் இதே கேள்வியைக் கேட்டிருப்பேன்! என்னிடம் யாராவது கேட்டால் மட்டும் 'ஒண்ணும் இல்ல' என்ற சொல்தான் முதலில் வருகிறது. கொடுக்கிறவனாகவே இருந்து பழகிவிட்டால் வாங்கத் தெரியாமல் போய்விடுகிறது. அது நல்ல அறிகுறி இல்லை.

அவள் போகவில்லை. பஸ் வந்தது, கண்டக்டர் விசில் கொடுத்தார், அவள் கையசைத்து அனுப்பிவிட்டாள். குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்ததால் அவளுடைய இடது தோள் முழுக்க நனைந்துகொண்டிருந்தது. மறுபடியும் கேட்டாள்.

"சொல்லுங்க அங்கிள், எங்க வலிக்கு?"

"கணுக்கால்ல மக்களே" என்றேன்.